முத்து என்று ஒரு பெயர் வருகிறது

“முத்து... முத்து என்று ஒரு பெயர் வருகிறது” என்றார் பிரதர் ஏசாயா, கண்களை மூடிக்கொண்டு.

உச்சிப்புளிக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பை ஒட்டிப் போட்டிருந்த தகரக் கொட்டகை அது. சனிக்கிழமை முற்பகல். வெயிலில் தகரம் விரிந்து அவ்வப்போது டக்கென்று சத்தம் போட்டது. தோப்புப் பக்கமிருந்து ஊறப்போட்ட தேங்காய் மட்டையின் புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. ஆறு மின்விசிறிகள் ஓடியும் முதுகில் வேர்வை வழிந்தது.

அன்றுதான் நான் அங்கே முதன்முறையாகப் போயிருந்தேன். என் அக்கா ஜெசிந்தா வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். “ஒரு தடவ வந்து பாரு. அப்புறம் பேசு” என்பாள். சரி, பார்த்துவிட்டே பேசுவோம் என்றுதான் போனேன்.

எங்கள் மாவட்டத்தில் முத்துமாரி, முத்துலட்சுமி, முத்துராக்கு, முத்துக்கருப்பன் என்று தெருவுக்கு நாலு முத்து உண்டு. இதைச் சொல்ல ஆண்டவர் எதற்கு என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். நினைத்தபடியே பெண்கள் பக்கத்தில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.

“கயிறு தெரியுது. கையில கயிறு தெரியுது.”

இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். தலையில் முழ மல்லிகை வைத்திருந்தாள். கொட்டகைக்குப் புதிது என்று அதிலேயே தெரிந்தது. அங்கே தொடர்ந்து வருகிறவர்களிடம் முதலில் பூ போய்விடும், பிறகு பொட்டு, கடைசியில் கம்மல். என் அக்காவுக்கு மூன்றும் போயிருந்தது.

“நெஞ்சுக்குள்ள ஒரு கிருமி இருக்கு மகளே. நீ யாருக்கும் சொல்லல. கட்டின புருசனுக்கும் சொல்லல. ஆனா ஆண்டவர் எனக்குச் சொல்றாரு.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். முகம் தெரிந்தது. எனக்குள் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

அவளை எனக்குத் தெரியும். நாலு நாளைக்கு முன்னால் அவள் சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவள் நான்தான்.

“நான் சுகமானேன்னு சொல்லு” என்றார் பிரதர்.

அவள் உதடு அசைந்தது.

“ஆண்டவருக்குக் கேக்கும். பிசாசுக்கும் கேக்கணும்ல. சத்தமாச் சொல்லு.”

“நான் சுகமானேன்.”

“இனிமே அந்த வியாதியோட பேரு உன் வாயில வரக்கூடாது. நாவுக்கு அதிகாரம் இருக்கு. பேரச் சொன்னா அது திரும்பி வரும். சொல்லலன்னா அதுக்கு உன் வீட்டுல இடமில்ல.”

கொட்டகை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. அக்கா அழுதுகொண்டே என் கையைப் பிடித்து அழுத்தினாள். “இப்ப என்ன சொல்ற?” என்று கேட்டாள்.



நீலத்தில் சிவப்பு

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நான் பார்க்கும் வேலை தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. இராமநாதபுரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக டெக்னீஷியன். காலையில் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்து வருவேன். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் நானும் ஒரே வீடு.

காசநோய்க் கிருமியைப் பார்க்கச் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றுவோம். நீலப் பரப்பில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ஒன்றிரண்டு தெரிந்தாலே போதும். முத்துராக்குவின் சளியில் தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கே நகர்த்தினாலும் சிவப்பு.

உச்சிப்புளிப் பக்கம் கயிறு திரிக்கும் கொட்டகையில் வேலை பார்ப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். இருமலுக்கு நார்த்தூசிதான் காரணம் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ரிப்போர்ட்டை வாங்கும்போது மேசை மேல் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, இத எம்புருசனுக்குச் சொல்லணுமா?”

“மாத்திரை சாப்பிட்டாச் சரியாப் போயிரும்மா. அரசு ஆஸ்பத்திரியில சும்மாவே குடுப்பாக. வீட்டுல சொன்னாத்தான உனக்கு ஒத்தாச.”

“சொன்னா எங்காத்தா வீட்டுல கொண்டாந்து விட்ருவாரு. கயித்துக் கொட்டாயிலயும் நிப்பாட்டிருவாக. நீங்க யார்ட்டயும் சொல்லிராதீக.”

“நான் யாருக்குச் சொல்லப் போறேன்?” என்றேன்.

இப்போது சொல்லுங்கள். யாருக்கும் தெரியாத ஒன்று, புருஷனுக்குக்கூடத் தெரியாது என்பது உட்பட, கொட்டகையில் மைக்கில் வந்தது எப்படி? பஸ்ஸில் திரும்பும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி அதையேதான் யோசித்தேன். ஆண்டவர் சொன்னார் என்பதை மட்டும் நான் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. நம்பாததற்கு என் பிறவிக் குணம் ஒரு காரணம். வளர்ந்த விதமும் ஒரு காரணம்.

வலையில் மீன் ஏறாது என்றவர்

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்குக்கு ஒரு சாமியார் இருந்தார். கோபக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் கடலுக்குப் போன ஒரு படகுக்காரரைப் பீடத்திலிருந்து பேர் சொல்லித் திட்டினார். “இந்த மனுஷனுடைய வலையில் இனி மீன் ஏறாது” என்று சொல்லிவிட்டார்.

ஏறவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். ஊரே சாமியார் வாக்கைப் பேசியது. என் அம்மா அந்தப் படகுக்காரர் வீட்டு வாசலைக் கடக்கும்போது சிலுவை போட்டுக்கொள்வாள்.

என் அய்யாவும் கடல் தொழில்தான். ஒருநாள் கரையில் வலை பிரித்துக்கொண்டே சொன்னார்: “அந்தாளு படகுல ஏற ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். ஆளு இல்லாம படகு எப்படிப் போகும்? படகு போகாம மீனு எப்படி ஏறும்? சாமியாரு மீனுக்கிட்டயா பேசுனாரு? நம்மகிட்டல்ல பேசுனாரு.”

சொல் பலித்தது உண்மை. பலிக்க வைத்தவர்கள் கேட்டவர்கள். எனக்கு அப்போது பத்து வயது. அன்றிலிருந்து யாராவது வார்த்தைக்கு வல்லமை உண்டு என்றால், அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அதே சாமியாரை நான் ஒரு சோதனையும் செய்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் நாம் அறிக்கையிடும் பாவத்தைச் சாமியார் வெளியே சொல்லமாட்டார் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அது உண்மையா என்று பார்க்க, நான் செய்யாத ஒரு பாவத்தைச் சொன்னேன். மாதா சொரூபம் இருக்கும் கெபியிலிருந்து மெழுகுவர்த்தி திருடினேன் என்றேன். அம்மா காதுக்கு வருகிறதா என்று மூன்று வாரம் காத்திருந்தேன். வரவே இல்லை. பீடத்தில் அத்தனை பேரைத் திட்டிய வாய், கூண்டுக்குள் கேட்டதைக் கடைசிவரை வெளியே விடவில்லை. அந்த மனிதரை எப்படி எடைபோடுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஷீலா

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் என் கண் ஷீலா மேல் விழுந்தது.

ஷீலா எங்கள் நிலையத்தில் ரிப்போர்ட் டைப் செய்யும் பெண். எல்லா ரிப்போர்ட்டும் அவள் கை வழியாகத்தான் வெளியே போகும். அவள் போனில் தினமும் காலையில் ஒரு வசனப் படம் ஸ்டேட்டஸாக இருக்கும். அதன் மூலையில் பிரதர் ஏசாயாவின் சிரித்த முகம். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இரண்டு நாள் அவளைக் கவனித்தேன். போனை எடுத்தால் பார்த்தேன். வெளியே போய்ப் பேசினால் பின்னாலேயே போய்த் தண்ணீர் பிடிப்பதுபோல நின்றேன். ஒருமுறை அவள் போனை மேசையில் வைத்துவிட்டுப் போனபோது கையில் எடுத்தும் பார்த்தேன். பூட்டியிருந்தது. பூட்டி வைத்திருப்பதையே ஒரு குற்றமாக நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை கேட்டேவிட்டேன். “முத்துராக்கு ரிப்போர்ட்ட யாருக்கு அனுப்புன?”

“எந்த முத்துராக்குக்கா?”

“நடிக்காத. பிரதருக்கு நீதான சொல்ற?”

அவள் முகம் வெளுத்தது. “அக்கா, சத்தியமா இல்ல. நான் அங்க போயே ஆறு மாசம் ஆச்சு.”

நான் நம்பவில்லை. நிர்வாகத்திடம் எதுவும் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு சின்ன இடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் ஒருத்தியிடம் பேசுவதை நிறுத்தினால், மற்றவர்களும் நிறுத்திவிடுவார்கள். மூன்று வாரத்தில் ஷீலா வேலையை விட்டுப் போனாள். குற்றம் செய்தவள்தான் ஓடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா எழுந்த கதை

பிரதர் ஏசாயாவைப் பற்றி நான் இவ்வளவு சந்தேகத்தோடு எழுதுவதால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. என் அக்காவை எழுப்பி உட்கார வைத்தது அவர்தான்.

அக்காவின் கணவர் ஒரு விபத்தில் இறந்தபிறகு அவள் ஒரு வருடத்துக்கு மேல் படுத்தே கிடந்தாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குளிக்கச் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். மதுரை வரை கூட்டிப்போய்க் காட்டினேன். மாத்திரையில் தூங்கினாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். பிரதர் அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, “எந்திரிம்மா. நீ செத்தவ இல்ல” என்றாராம். மறுநாள் காலையில் எழுந்து வாசல் கூட்டினாள்.

அந்த விளக்குமாற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்காக அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் அவர் குரல் எனக்குப் பழக்கமானதாகவே இருந்தது. பல நாள் யோசித்துப் பிறகுதான் பிடிபட்டது. ஊழியத்துக்கு வருமுன் அவர் விளம்பரக் குரல் கொடுத்துவந்தவர். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கடலாடி, சாயல்குடி வரைக்கும் சுற்றுமே, ஜவுளிக் கடையின் ஆடித் தள்ளுபடி, அந்தக் குரல். அதே இழுப்பு, கடைசி வார்த்தைக்கு முன்னால் அதே இடைவெளி. அக்காவிடம் சொன்னேன்.

“இருக்கட்டுமே. ஆண்டவரு மீன் பிடிக்கிறவகளக் கூப்புடலயா? இவரு மைக் பிடிச்சவரு” என்றாள்.



இரண்டு மாதம் கழித்து

முத்துராக்கு மறுபடி வந்தாள். யாரோ ஒரு வயதான அம்மா என்று நினைத்து நான் டோக்கன் கேட்டேன். கண்கள் உள்ளே போயிருந்தன. கழுத்தெலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. கூடவே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். அந்தப் பெண்ணும் இருமினாள்.

தனியாக உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

“மாத்திரை சாப்புடுறியா?”

அவள் மகளைப் பார்த்தாள். மகள்தான் சொன்னாள். “மூணு நாளுதான் சாப்புட்டாக. நர்ஸம்மா வந்து கேட்டா சாப்புடுறேன்னு சொல்லிருவாக. எல்லாம் அரிசிப் பானைக்குள்ள கெடக்கு.”

“ஏம்மா?”

“சுகமாயிட்டேன்னு வாயால சொல்லிட்டனே” என்றாள் முத்துராக்கு. “சொல்லிட்டு எப்படி மாத்திரை திங்கிறது? தின்னா நான் நம்பலன்னுல்ல ஆயிரும். கயித்துக் கொட்டாயில அத்தன பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. எம்புருசனுக்கும் தெரிஞ்சுபோச்சு. சுகமாயிருச்சுன்னு சொன்னதாலதான் சேத்துக்கிட்டாக. இப்ப போயி இல்லன்னு எப்படிச் சொல்வேன்?”

“அவரு மாத்திரைய நிப்பாட்டச் சொன்னாரா?”

“அப்படிச் சொல்லல.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அக்கா, நான் ஒரு சீவனுக்கும் சொல்லல. அவரு எப்படித் தெரிஞ்சு சொன்னாரு? பேரச் சொன்னாரு, தொழிலச் சொன்னாரு, புருசனுக்குச் சொல்லாததையும் சொன்னாரு. அது பொய்யின்னா வேற எது நெசம்?”

அன்று சாயமேற்றிய கண்ணாடித் துண்டை நான் வெகுநேரம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத அளவுக்குச் சிவப்பு. மகளின் சளியில் எதுவும் இல்லை. அதற்கு மட்டும் மாதாவுக்கு நன்றி சொன்னேன். இருவரையும் நானே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ச் சீட்டுப் போட்டு உட்கார வைத்தேன். மாத்திரை கொடுத்தார்கள். முத்துராக்கு அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்ட விதத்திலேயே சாப்பிடமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

அக்காவின் போனில்

அன்று வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறையில் நகரை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போன் ஜன்னலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜெபக் குறிப்புக் குழுவில் வந்த குரல் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பெண் மகனுக்கு வேலை கேட்டாள். இன்னொருத்தி மருமகள் குணப்பட வேண்டும் என்றாள். அடுத்தது அக்காவின் குரல். காலையில் அவளே அனுப்பியது.

“பிரதர், பரமக்குடிப் பக்கம் ஒரு தம்பி. கிட்னி ரெண்டும் சுருங்கிப்போச்சு. உப்பு அளவு ஏறிக்கிட்டே போகுது. சின்ன வயசு, பாக்கவே சங்கடமா இருக்கு. ஜெபிங்க.”

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ‘சின்ன வயசு, பாக்கவே சங்கடமா இருக்கு.’ முந்தின நாள் சாயங்காலம் இதே இடத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே நான் சொன்ன வார்த்தைகள். எழுத்துக்கு எழுத்து அதே.

“அக்கா, முத்துராக்குவப் பத்தியும் போட்டியா?”

“எந்த முத்துராக்கு?”

“கயித்துக் கொட்டாய்.”

“ஆமா. பாவம், புருசனுக்குக்கூடச் சொல்லாம கெடக்குன்னு நீதானடி சொன்ன. ஜெபிக்க வேண்டாமா?”

“அவரு ஆண்டவர் சொன்னாருன்னு மைக்குல சொன்னாரே, அப்ப ஒனக்குத் தோணலயா?”

அக்கா மீனைப் போட்டுவிட்டு ஈரக் கையோடு நின்றாள். “நான் பேரு போட்டேன். அவரு எந்திரிக்கச் சொன்னாரு. ஆண்டவரு என் ஜெபத்தக் கேட்டுட்டாருன்னுதான்டி நெனச்சேன். அதான் அன்னைக்கி அழுதேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஒரு வருடமாக அவள் எழுந்து நடமாடுகிற சந்தோஷத்தில், சாயங்காலம் வந்ததும் நான் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். யாருக்கு என்ன நோய், யார் அழுதார்கள், யார் யாருக்கு மறைத்தார்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முத்துராக்குவிடம் சொன்ன அன்று சாயங்காலமே அதையும் சொல்லியிருக்கிறேன். நான் அதைச் சொல்வதாகவே நினைக்கவில்லை. அக்காவோடு பேசுவதாகத்தான் நினைத்தேன்.

ஷீலாவின் நினைவு வந்தது.

பிரதரின் அறையில்

மறுநாளே விடுப்புப் போட்டுக் கொட்டகைக்குப் போனேன். பின்பக்கம் ஒரு சின்ன அறை. பிரதர் ஏசாயா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மைக் இல்லாமல் அவர் குரல் சாதாரணமாக, கொஞ்சம் கீச்சென்றுகூட இருந்தது. கைகழுவிவிட்டு வந்து என்னை உட்காரச் சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“சிஸ்டர், அந்தக் குழுவுல ஒரு நாளைக்கி அத்தன குறிப்பு வருது. நான் எல்லாத்தையும் கேக்குறேன், அப்புறம் மறந்துடுறேன். மேடையில நிக்கும்போது ஒண்ணு மேல வரும். அது எங்கேருந்து வருதுன்னு நான் பிரிச்சுப் பாக்குறதில்ல.”

“பிரிச்சுப் பாக்க வேண்டாமா பிரதர்?”

“பாத்தா நிக்க முடியாது” என்றார்.

அது ஒப்புதலா, தந்திரமா? அவர் கண்ணைப் பார்த்தேன். ரத்தச் சாம்பிளில் என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு இயந்திரம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

“அந்தப் பிள்ளைய மாத்திரை சாப்பிடச் சொல்லி நீங்க மைக்குல ஒரு வார்த்த சொல்லணும். நீங்க சொன்னாத்தான் கேக்கும்.”

“மாத்திரைய விடுன்னு நான் யாருக்கும் சொன்னதில்லயே.”

“நோயோட பேரச் சொல்லக் கூடாதுன்னீங்க. பேரே சொல்லக் கூடாத நோய்க்கு மாத்திரை எப்படி முழுங்கும்?”

அவர் துண்டால் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். “சிஸ்டர், ஒருத்திக்குச் சொன்னத நான் மாத்திச் சொன்னா, இங்க எந்திரிச்சு நடந்த எல்லாரும் மறுபடி படுத்துருவாங்க. உங்க அக்காவும்தான்.”

மிரட்டுகிறாரா, பயப்படுகிறாரா என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என் நெஞ்சில் சரியாகப் போய்க் குத்தியது. குத்தும் இடம் தெரிந்து பேசுகிறவர் என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

சொன்னது நான்தான்

கயிற்றுக் கொட்டகையை அடுத்து ஓட்டு வீடு முத்துராக்குவுக்கு. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். முத்துராக்கு பாயில் சாய்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். காப்பி போடப் போனவளை வேண்டாம் என்று தடுத்தேன்.

வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே உட்கார்ந்ததும் எதுவும் நிற்கவில்லை.

“அவருக்கு ஆண்டவர் சொல்லல முத்துராக்கு. நான் எங்கக்காகிட்டச் சொன்னேன். அக்கா போன்ல அவருக்குச் சொன்னா. அவரு மைக்குல சொன்னாரு. அவ்வளவுதான்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கயிறு திரிக்கும் ராட்டையின் சத்தம் கேட்டது.

“யார்ட்டயும் சொல்லமாட்டேன்னீகளே” என்றாள்.

“ஆமா.”

“அப்ப இன்னும் யாருக்கெல்லாம் சொன்னீக?”

“அக்காவுக்கு மட்டுந்தான்.”

“அன்னைக்கும் இப்படித்தான சொன்னீக.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அழவில்லை, கத்தவுமில்லை. எழுந்து உள்ளே போனாள். அரிசிப் பானையைத் திறக்கும் சத்தம் கேட்டது. மாத்திரை அட்டையோடு வந்து என் எதிரிலேயே உட்கார்ந்து, அன்றைக்கு உண்டான மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். என்னைப் பார்க்கவே இல்லை. விழுங்கி முடித்ததும், “போய்ட்டு வாங்க” என்றாள்.

சாட்சி நேரம்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரதர் அவளைப் பற்றிச் சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் மறுபடி படுத்துவிடுவாளோ என்று இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தேன். சனிக்கிழமை காலையில் குளித்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, “வா, போவோம்” என்றாள்.

கொட்டகையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. யார் வேண்டுமானாலும் முன்னே போய்த் தங்களுக்கு நடந்ததைச் சொல்லலாம். அக்கா போய் மைக்கை வாங்கினாள்.

“முத்துராக்குங்கிற பேர நான்தான் பிரதருக்கு அனுப்புனேன். நோய் என்னன்னும் நான்தான் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் சுகமாகல. மாத்திரை சாப்புடுது. அத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.”

பிரதர் முன்னால் வந்து அவள் தோளைத் தொட்டு, மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“பாத்தீங்களா? முகம் தெரியாத ஒரு மகளுக்காக இந்தச் சகோதரி பாரத்தோட ஜெபிச்சிருக்காங்க. அந்த ஜெபத்த ஆண்டவர் எங்கிட்டக் கொண்டுவந்து சேத்தாரு. இப்ப மருந்து வழியாவும் வேலை செய்யிறாரு. கரத்தைத் தட்டி ஆண்டவரை மகிமைப்படுத்துவோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா அந்தக் கைதட்டலுக்கு நடுவே நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரும்பும்போது பஸ் பாலத்தின் மேல் ஏறியது. பிறகு சொன்னாள்:

“நான் சொன்னது ஒருத்தருக்கும் கேக்கலடி.”

அவள் அங்கே போவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். குழுவிலிருந்து மட்டும் விலகிவிட்டாள். நான் வேலை இடத்துப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அதனால் எங்கள் சமையலறை இப்போது ரொம்ப அமைதி. அந்த அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை.

ஷீலாவைத் தேடிப் போனேன். ஒரு செல்போன் கடையில் இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லக்கா” என்று ரசீதிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். பரவாயில்லை என்பதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று எண்ணிக்கொண்டே வெளியே வந்தேன்.

கடைசி ரிப்போர்ட்

முத்துராக்கு மாத்திரையை முழுக்காலமும் சாப்பிட்டு முடித்தாள். முடிந்த பிறகு ஒருநாள் சளி கொடுக்க எங்களிடமே வந்தாள். கன்னம் நிரம்பியிருந்தது. என்னோடு பேசவில்லை. டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

நான் கண்ணாடித் துண்டை நூறு இடத்தில் நகர்த்திப் பார்த்தேன். நீலம் மட்டும்தான். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். நீலம்.

ரிப்போர்ட்டை நானே உறையில் போட்டு வெளியே எடுத்துவந்தேன். சந்தோஷத்தில் பெஞ்சுக்குப் போகும்போதே வாயைத் திறந்துவிட்டேன். “முத்துராக்கு, ஒனக்கு...”

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“நீங்க சொல்ல வேணாம்க்கா. குடுங்க.”

உறையை வாங்கிப் பிரிக்காமலே இடுப்பில் செருகினாள். படியிறங்கி, இரண்டு பக்கமும் பஸ் பார்த்து, ரோட்டைக் கடந்து எதிரே அரசு மருத்துவமனைக்குள் போனாள். வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாள்.

நான் கதவருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.